ஒரே இடத்துக்கு இரண்டு சம்பந்திகள்

இந்த ஊரில் ஓடுகிற கார்களில் பாதிக்கு மேல் பிரேக் அக்காவின் காலுக்குப் பயந்துதான் ஓடுகின்றன. மேயருடைய கார்கூட அவள் வீட்டு வாசல் வந்தால் தானாக வேகம் குறையும். சரி, சரி, மிகைதான். அந்த இடத்தில் சாலையில் ஒரு பள்ளம் இருப்பதும் ஒரு காரணம். பாதி என்பதைக் கால்வாசி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே நான் இறங்க மாட்டேன்.

பிரேக் அக்காவுக்குத் தொழில், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. அவளிடம் இருந்தது ஒரே ஒரு வெள்ளைக் கார்; வெள்ளை என்பதும் வாங்கிய நாளில். அதில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்து சீட்டில் உட்காருகிற அவள் காலடியில் இன்னொரு பிரேக். கற்றுக்கொள்ள வந்தவர் பதற்றத்தில் தபால் பெட்டியைக் கட்டிப்பிடிக்கப் போனால், அவள் பேச்சைக்கூட நிறுத்தாமல் காலை மட்டும் அழுத்துவாள். வண்டி நிற்கும். தபால் பெட்டி பிழைக்கும்.

"பார்த்து ஓட்டுப்பா, அதுக்கும் குடும்பம் இருக்கு" என்பாள்.

இப்படியே காலம் ஓடியதில் அந்த வலது கால் அவள் சொல்பேச்சு கேட்பதை விட்டுவிட்டது. பஸ்ஸில் போனால் முன்னால் நிற்கிறவர் செருப்பை மிதிக்கும். பல் டாக்டர் ஊசியோடு நெருங்கினால் காற்றில் அழுத்தும். செய்தித்தாளில் விலைவாசி ஏறுகிறது என்று படித்தால்கூடத் தரையைத் தேய்க்கும். கணவர் இருந்த காலத்தில், அவள் தூக்கத்தில் போட்ட பிரேக்கில் அவர் கட்டிலைவிட்டு இறங்கியதும் உண்டு. விழுந்த இடத்திலேயே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிற தங்கமான மனிதர்.

அவர் போன பிறகு வீட்டில் மிச்சம் அவளும் ஒரு கைபேசியும்தான். ஒரே மகன் வெளிநாட்டில், ரொட்டித் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறான். மருமகளுக்கு அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பிரேக் அக்கா கைபேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, மகன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். ஒருநாள் டப்பா வழுக்கி, மகன் பால் பாத்திரத்துக்குள் விழுந்துவிட்டான்.

"அம்மா, ஒண்ணுமே தெரியலையே! கரண்ட் போயிடுச்சா?" என்று பாலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

பிள்ளையைக் கரண்டியால் எடுத்துத் துடைத்து நிமிர்த்தி வைத்தாள்.

"போதும்டா. உன் மூஞ்சியைத் துடைச்சுத் துடைச்சு வெக்க என்னால ஆகாது. எதிர்ல உட்கார்ந்து சாப்பிடற பிள்ளைதான் எனக்கு வேணும்."

"அப்போ இங்கேயே வந்துடும்மா. விசாவுக்கு என்ன வழின்னு விசாரி."

அன்றைக்கு அவள் மனதில் ஆணி அடித்த மாதிரி ஒன்று இறங்கியது. மகன் எதிரில் உட்கார வேண்டும், அவன் மெல்லுகிற சத்தம் காதில் விழ வேண்டும். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

விசா ஏஜென்டின் அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. மறுநாளே பிரேக் அக்கா படியேறினாள். பாதிப் படியில், கைப்பிடியைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது அவளுடைய சம்பந்தியம்மா, மருமகளைப் பெற்றவர். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை ஹெட் மிஸ் என்றுதான் சொல்லும். தொண்டையைக் கனைத்தே ஒரு பள்ளிக்கூடத்தை அடக்கியவர். அவரும் கணவரை இழந்து, இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தார்.

"என்ன சம்பந்தி, பல் டாக்டர்கிட்ட போறேன்னு சொன்னீங்க?" என்றாள் பிரேக் அக்கா.

"நீங்க கண் டாக்டர்கிட்ட போறேன்னீங்க."

"கண்ணு இங்கதான் பார்க்கறாங்களாம்."

"பல்லும் இங்கதான்."

இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே மீதிப் படியை ஏறினார்கள்.

ஏஜென்ட் இளைத்த மனிதர். அவர் தலைக்கு மேலே ஏசி சொட்டிச் சொட்டி, சுவரில் இருந்த உலகப் படத்தில் ஒரு கண்டமே கரைந்து போயிருந்தது. "ரெண்டு பேரும் ஒரே குடும்பமா? நல்லதாப் போச்சு, ஒரு தடவை தொண்டை வறண்டாப் போதும்" என்று தொடங்கினார்.

"மூணு வழி இருக்கும்மா. முதல் வழி, விசிட் விசா. சீக்கிரம் கிடைக்கும். போங்க, பாருங்க, ஆறு மாசத்துல திரும்பிடுங்க."

"ஆறு மாசம் அவன் வீட்டுல கரண்டி எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கவே சரியாப் போயிடுமே" என்றாள் பிரேக் அக்கா.

"அப்போ ரெண்டாவது. நீண்ட நாள் விசா. ரெண்டு வருஷம் இருக்கலாம், அப்புறம் ஊருக்கு வந்து மறுபடி வாங்கிட்டுப் போகணும். இன்சூரன்ஸ் வேணும். இதுல எத்தனை பேர்னு கணக்கு இல்லை."

"போய் வந்து, போய் வந்து... நாங்க என்ன தபாலா?" என்றார் ஹெட் மிஸ். "மூணாவது என்ன?"

ஏஜென்ட் குரலைத் தாழ்த்தினார். "சார்ந்திருப்போர் விசா. போனா போனதுதான், அங்கேயே இருந்துடலாம். ஆனா பிள்ளையை விட்டா வேற கதி இல்லைன்னு காட்டணும். இங்க உங்களைப் பார்த்துக்க ஒரு ஆள்கூட இருக்கக் கூடாது, சொந்தமா தொழிலும் இருக்கக் கூடாது. அதோட, உங்க பிள்ளைங்க சம்பளத்துக்கு ஒருத்தருக்குத்தான் இடம்."

"ஒருத்தருக்கா?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"நாலாவதா ஒரு குடியேற்ற வரிசை இருக்கு. அதை நான் யார்கிட்டயும் சொல்றதில்லை. நிக்கறவங்களுக்குப் பதிலா இப்ப அவங்க வாரிசுங்க நிக்கிறாங்க."

ஹெட் மிஸ் கைப்பையை மூடினார். "எனக்கு மூணாவது."

"எனக்கும் மூணாவது" என்றாள் பிரேக் அக்கா.

ஏஜென்ட் கையை விரித்தார். "ரெண்டு பேரும் போடுங்க. யாரு அதிகம் கதியத்தவங்கன்னு அவங்களே முடிவு பண்ணட்டும்."

அன்றிலிருந்து இரண்டு தெருக்களும் ஒரு கூத்தைப் பார்த்தன. கொட்டுகிற மழையில் தனியாளாக டயர் மாற்றியவள் பிரேக் அக்கா. ஓர் எலிக்காகப் பள்ளிக்கூடத்தையே மைதானத்துக்கு அனுப்பிவிட்டு, அந்த எலியையும் பின்னாலேயே வரிசையில் அனுப்பியவர் ஹெட் மிஸ். இந்த இரண்டு பேரும் இப்போது யாருக்கு அதிகம் முடியவில்லை என்று போட்டி போட ஆரம்பித்தார்கள். ஹெட் மிஸ் குடையை ஊன்றி நடந்தார். பிரேக் அக்கா தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்கப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

"என்ன சம்பந்தி, வெயிலும் இல்லை மழையும் இல்லை, குடை?"

"கால் நிக்க மாட்டேங்குது."

"எனக்குக் கையே தூக்க முடியலை. பாருங்க, இவ்வளவுதான் வருது."

"எனக்கு அதுவும் வராது."

"நேத்துப் பரண்மேல ஏறிப் பெட்டியை இறக்கினீங்களே?"

"அது நேத்து."

தொழில் இருக்கக் கூடாது என்று ஏஜென்ட் சொன்னதால் பிரேக் அக்கா வாசலில் இருந்த போர்டைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். மனதைக் கல்லாக்கிக்கொண்டு காரையும் விற்கப் பார்த்தாள். வந்து பார்த்தவரெல்லாம் இரண்டு பிரேக்கையும் குனிந்து பார்த்துவிட்டு நழுவினார்கள். "புருஷனும் பொண்டாட்டியும் ஆளுக்கொரு பிரேக் போட்டா வண்டி எப்பம்மா வீடு போய்ச் சேரும்?" என்று ஒருவர் நியாயமாகவே கேட்டார். கார் வாசலிலேயே நின்றது. வேலையில்லாமல் கிடந்த கால் அரித்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் ஒருநாள் காலையில் ஹெட் மிஸ், குடையை ஊன்ற மறந்து, விறுவிறுவென்று வந்தார்.

"சம்பந்தி, ஒரு உதவி. அங்கெல்லாம் உப்பு வாங்கக்கூட கார்லதான் போகணுமாம். எனக்கு விசா கிடைச்சுட்டா ஓட்டத் தெரியாம முழிப்பேன். கொஞ்சம் கத்துக் கொடுங்களேன்."

பிரேக் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் இடத்தைப் பிடிக்க என்கிட்டயே பாடமா?"

"சும்மா வேண்டாம். உங்க விண்ணப்பத்தை நான் எழுதித் தர்றேன். உங்க கையெழுத்தைப் பார்த்தேன். பேப்பர் மேல வண்டி ஏறின மாதிரி இருக்கு."

அது உண்மை. அதோடு காலும் அரித்தது. பிரேக் அக்கா சாவியை எடுத்தாள்.

ஹெட் மிஸ் மாதிரி ஒரு மாணவி அவளுக்கு அதுவரை வாய்த்ததில்லை. அவர் எதிரே வருகிற வண்டிகளையெல்லாம் தாமதமாக வந்த பிள்ளைகளைப் போலப் பார்த்தார். ஜன்னல் வழியே தலையை நீட்டி, "ஏய், வரிசையில வா!" என்று லாரியை அதட்டினார். லாரிக்காரன் தலையைச் சொறிந்துகொண்டு வரிசையில் போனான். ஆனால் ஹார்ன் மட்டும் அடிக்க மாட்டார். தொண்டையைக் கனைப்பார்.

"ஹார்னை அடிங்க சம்பந்தி, முன்னாடி பஸ்!"

"எதுக்கு? நான் பார்க்கறேன்னு தெரிஞ்சா அவனே நகருவான்."

"அவனுக்கு முதுகுல கண்ணு இல்லை!"

பஸ் நகரவில்லை. பிரேக் அக்காவின் கால்தான் நகர்ந்தது. வண்டி பஸ்ஸின் பின்பக்கத்தை முத்தமிடாமல் நின்றது. ஹெட் மிஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "பார்த்தீங்களா, இடிக்கலை" என்றார், தானே நிறுத்திய மாதிரி.

நாளாக ஆக அந்தக் காலை நேரம் நீண்டது. வண்டியை நிறுத்தியதும் பிரேக் அக்கா வீட்டில் டீ. டீ குடித்ததும் வந்த கடிதங்களை ஹெட் மிஸ் படித்துச் சொல்வார். ஏனென்றால் பிரேக் அக்காவுக்குத் தன் மூக்குக்கண்ணாடி எங்கே என்று தெரிந்த நாளே கிடையாது. ஹெட் மிஸ்ஸின் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவது பிரேக் அக்கா. ஆனால் இருவரும் மறக்காமல் தினம் ஒரு தடவை, "எனக்குன்னு யாரு இருக்கா?" என்று பெருமூச்சு விட்டுக்கொள்வார்கள். பயிற்சி முக்கியம் இல்லையா?

இடையில் மருத்துவச் சோதனைக்குக் கூப்பிட்டார்கள். பழக்க தோஷத்தில் பிரேக் அக்கா நொண்டிக்கொண்டே உள்ளே போனாள்.

"முட்டி வலியாம்மா? அப்போ எக்ஸ்ரே எடுத்து, ஆபரேஷன் வேணுமான்னு பார்க்கணும். பெரிய நோயாளின்னா எந்த விசாவுமே கிடையாதே" என்றார் டாக்டர்.

பிரேக் அக்கா அந்த இடத்திலேயே உட்கார்ந்து எழுந்தாள். டாக்டர் போதும் என்கிறவரை உட்கார்ந்து எழுந்துகொண்டே இருந்தாள். வெளியே, காது கேட்காதவர் மாதிரி உட்கார்ந்திருந்த ஹெட் மிஸ்ஸுக்கு, மூடிய கதவைத் தாண்டி டாக்டர் சொன்னது அட்சரம் பிசகாமல் கேட்டது. முறை வந்ததும் குடையை நாற்காலியில் போட்டுவிட்டு அணிவகுப்பு மாதிரி நடந்து வந்தார்.

"காது கேக்காதுன்னு நர்ஸ் சொன்னாங்களே?"

"இப்போ நல்லாக் கேக்குது டாக்டர். உங்களுக்குக் கைராசி."

"நான் இன்னும் உங்களைத் தொடவே இல்லைம்மா."

கடைசியாக நேர்காணல். ஹெட் மிஸ்ஸே காரை ஓட்டிக்கொண்டு போனார். விசா அலுவலகம் கண்ணில் படுவதற்கு முன்பே நிறுத்தி இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு விண்ணப்பம் என்பதால் இருவரையும் ஒரே மேஜைக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அதிகாரி கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு முதலில் பிரேக் அக்காவைப் பார்த்தார்.

"வீட்டுல யாரும்மா இருக்காங்க?"

"நானும் சுவரும் சார்."

"உடம்புக்கு முடியலைன்னா?"

"சுவர்தான் பார்த்துக்கணும்."

அதிகாரி உச்சுக்கொட்டினார். எதையோ எழுதினார். பிரேக் அக்காவுக்கு உள்ளுக்குள் இனித்தது. மகன் எதிரில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்ப்பது கண்ணெதிரே தெரிந்தது.

அடுத்து ஹெட் மிஸ். அவரும் ஒன்றும் சளைக்கவில்லை. குரலைத் தணித்து, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, கேட்கிறவர் நெஞ்சு உருகப் பேசினார். பிறகு அதிகாரி, கேள்வியாகக்கூட இல்லாமல், சும்மா ஒரு பரிவில் கேட்டார்: "பொழுது எப்படிம்மா போகுது?"

ஹெட் மிஸ்ஸின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. இத்தனை நாளாக அதை அவரிடம் யாருமே கேட்கவில்லை.

பிரேக் அக்கா அந்த முகத்தைப் பார்த்தாள். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த முகம். ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் உற்சாகமாகத் திரும்புகிறவர்களின் முகம். விடு, என்றது அவள் மனது. போய் மோதட்டும். மோதினால் இடம் உனக்கு. மகன் உனக்கு. நீ வாயை மூடிக்கொண்டு சும்மா இரு. வாய் சொன்னபடி சும்மா இருந்தது.

"காலையில எழுந்ததும் சார், நானே தனியா கார் ஓ..." என்று தொடங்கிய ஹெட் மிஸ், "ஐயோ!" என்று அலறி நாற்காலியிலிருந்து எழும்பினார்.

மேஜைக்கு அடியில் பிரேக் அக்காவின் வலது கால், அவர் பாதத்தை ஆழமாக அழுத்திக்கொண்டிருந்தது.

"என்னம்மா ஆச்சு?" அதிகாரியும் எழுந்துவிட்டார்.

ஹெட் மிஸ்ஸுக்கு ஒரு குறை உண்டு. பொய் சொன்ன பிள்ளைகளைப் பிடித்துப் பிடித்தே காலத்தைக் கழித்ததில், திடுக்கிட்டு நிற்கும்போது நேராகக் கேட்டால் பொய் வராது. "ஒண்ணுமில்லை சார். இவங்க வேணும்னு பண்ணலை. நான் எங்கயாவது மோதப் போறேன்னா இவங்க கால் தானா அழுத்திடும்."

"எங்க மோதப் போனீங்க?"

"இப்போ இங்கதான்."

அதிகாரி கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். "அப்போ தினமும் சேர்ந்துதான் இருப்பீங்களா?"

"சேர்ந்தெல்லாம் இல்லை சார்" என்றாள் பிரேக் அக்கா அவசரமாக. "காலையில மட்டும்."

"மத்தியானமும்தான்" என்றார் ஹெட் மிஸ். "இவங்களுக்கு வர்ற கடிதமெல்லாம் நான் படிச்சுச் சொல்லலைன்னா, கரண்ட் பில்லைக் கல்யாணப் பத்திரிகைன்னு நினைச்சு எடுத்து வெச்சுடுவாங்க."

பிரேக் அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இவங்க கண்ணுக்கு மருந்து யாரு விடறாங்கன்னு கேளுங்க சார். தானா விட்டுக்கிட்டா காதுல விட்டுக்குவாங்க."

"போன மாசம் உங்களுக்கு ஜுரம் வந்தப்போ யாரு பக்கத்துல உட்கார்ந்திருந்தது? சுவரா?"

"நீங்க குளியலறையில வழுக்கினப்போ கதவை உடைச்சது யாரு?"

"உடைக்கச் சொன்னது யாரு? தாழ்ப்பாளே போடலை. தள்ளினாப் போதும்!"

அதிகாரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாக இரண்டு கோப்புகளையும் மூடினார்.

"இவங்களுக்கு நீங்க இருக்கீங்க. உங்களுக்கு இவங்க இருக்காங்க. பார்த்துக்க ஆள் இல்லைன்னு என்னால எழுத முடியாதும்மா. இந்த விசா ரெண்டு பேருக்குமே கிடையாது."

திரும்பும்போது ஹெட் மிஸ்தான் ஓட்டினார். ஒரு சிக்னலில் நின்றபோது மெதுவாகக் கேட்டார்.

"ஏன் மிதிச்சீங்க சம்பந்தி? விட்டிருந்தா உங்களுக்குக் கிடைச்சிருக்குமே."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியாதே."

ஹெட் மிஸ் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை விளக்கு விழுந்து பின்னால் நாலு வண்டிகள் கத்திய பிறகுதான் கியரைப் போட்டார்.

விஷயத்தைக் கேட்ட ஏஜென்ட் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு காலை ஒரு நிமிஷம் சும்மா வெச்சிருக்கக் கூடாதாம்மா?" என்று புலம்பினார். புலம்பி முடித்ததும், இரண்டு பேருக்கும் நீண்ட நாள் விசாவுக்கு விண்ணப்பம் எடுத்தார். பிரேக் அக்கா மகனுக்குப் போன் போட்டாள்.

"நாங்க ரெண்டு பேரும் வர்றோம்டா. ரெண்டு வருஷம்."

மகன் சிரித்தான். சிரித்து முடித்து யோசித்தான். "ரெண்டு பேருமா?" என்றான். பின்னாலிருந்து மருமகளின் குரல், "ஒரே நேரத்துலயா?" என்று கேட்டது.

முதலில் வந்தது பிரேக் அக்காவின் விசா. சம்பந்தியம்மாவுடையது இழுத்துக்கொண்டே போனது. மகன், "நீ முதல்ல கிளம்பி வாம்மா" என்று தினமும் கெஞ்சினான். பால் பாத்திரத்திலிருந்து அவனை எடுத்த நாளிலிருந்து இதற்காகத் தவம் கிடந்தவள், கட்டி வைத்த பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டு அசையமாட்டேன் என்றாள். சம்பந்திக்கு விசா வந்த பிறகுதான் விமானம் ஏறினாள். போன அன்றைக்கே மகன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டான். வாயைத் திறந்துகொண்டு மெல்லுகிறான் என்று அன்றைக்கே திட்டும் வாங்கினான். பெற்ற பிள்ளையைப் பார்ப்பதைக்கூடத் தள்ளிப்போட்டு, போட்டிக்கு நின்றவருக்காக ஒருத்தி காத்திருந்தாள் என்றால், இதற்கு மேல் ஒரு மனசு உலகத்தில் உண்டா?

இந்த இடம் வரை எழுதியதை அவர்கள் இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். இரண்டு வருடம் முடிந்து, விசாவைப் புதுப்பிக்க இருவரும் ஊருக்கு வந்திருக்கிறார்கள். பிரேக் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஹெட் மிஸ் மட்டும் தொண்டையைக் கனைத்தார்.

"கடைசிப் பத்தி தப்பு. எனக்காக ஒண்ணும் நிக்கலை. அவங்க பெட்டி எடை கூடிப் போச்சு, என் பெட்டி பாதி காலியா இருந்தது. அவங்க பெட்டியில இருந்து ஊறுகாய் ஜாடி நாலு என் பெட்டிக்கு வந்தப்புறம்தான் கிளம்பினாங்க. அதை அடிச்சுட்டு மறுபடி எழுதுங்க."